டெலவேர் கணக்கு

பாடத்திட்டத்தை முடிப்பதில் எங்கள் வரலாற்று ஆசிரியருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. உயர்தர வகுப்பில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை விவாதத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை அவர் தந்த தலைப்பு: அடிமை முறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தவிர்த்திருக்கலாமா?

தவிர்த்திருக்கலாம் என்ற அணி நன்றாகத் தயாராகி வந்திருந்தது. பிரித்தானியா 1833இல் சட்டம் இயற்றி, உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண் கொடுத்து, போரில்லாமலே அடிமை முறையை ஒழித்ததே. அமெரிக்காவும் விலை கொடுத்து மீட்டிருக்கலாமே என்றார்கள். எதிரணியில் இருந்த நாங்கள் விழித்தோம். ஆசிரியர் எழுந்துபோய்க் கரும்பலகையில் 1,798 × 400 என்று எழுதினார்.

வடக்கோடு நின்ற டெலவேர் மாநிலத்தில் அப்போது இருந்த அடிமைகள் 1,798 பேர். மத்திய அரசு பணம் தரும், படிப்படியாக விடுவியுங்கள் என்று லிங்கன் 1861 இறுதியில் ஒரு திட்டம் அனுப்பினார். சட்டசபையில் அது எடுபடவில்லை. தலைக்கு 400 டொலர் கொடுத்தாலும் போரின் அரைநாள் செலவுகூட ஆகாது என்று 1862 மார்ச்சில் ஒரு செனட்டருக்கு அவர் கணக்குக் காட்டினார். ஜூலையில், டெலவேர் போல அடிமை முறையோடு வடக்கில் நின்ற எல்லை மாநிலங்களின் பிரதிநிதிகளை அழைத்தும் கேட்டார், பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள்.

"விற்க ஆள் இருந்தால்தானே வாங்கலாம்?" என்றார் ஆசிரியர். டெலவேரே மசியாதபோது, பருத்தியால் கொழுத்த மிசிசிப்பி மசியுமா?

இங்கே ரொறன்ரோ விருந்துகளிலும் "பேசித் தீர்த்திருக்கலாம்" என்பவர்களைச் சந்திக்கிறேன். பேசாமலா இருந்தார்கள்? அடிமை முறை எங்கெங்கே இருக்கலாம் என்று 1820இல் மிசூரி உடன்பாடு, 1850இல் இன்னொன்று. பேசிப் பேசி ஒத்திப்போட்ட அந்த 40 ஆண்டுகளில் அடிமைகளின் தொகை 15 இலட்சத்திலிருந்து ஏறக்குறைய 40 இலட்சமாகியது. போர் தொடங்குமுன் வந்த செனட்டர் கிரிட்டென்டனின் சமரச யோசனையோ, ஒரு கோட்டுக்குத் தெற்கே அடிமை முறைக்கு நிரந்தரப் பாதுகாப்புக் கேட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதைத்தான். விட்டுக்கொடுத்தவர்கள் எதையும் இழக்கவில்லை. இழக்க இருந்தவர்களை யாரும் கேட்கவுமில்லை.

அன்று தீர்ப்புச் சொல்லாமலே ஆசிரியர் மணியடித்ததும் போய்விட்டார். டெலவேரின் மிச்சக் கதையை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அங்கே அடிமைகள் இருந்தார்கள். அந்தத் திருத்தத்துக்கு அம்மாநிலம் ஒப்புதல் அளித்தது 1901இல்.