மறைத்தது யார்?

வலைப்பக்கத்தில் மறைந்திருக்கும் பகுதியை ஜாவாஸ்கிரிப்டால் காட்டச் சொன்னால், பலருக்கும் கை தானாகப் போவது ஸ்டைலில் டிஸ்பிளே பிளாக் (தனித் தொகுதியாகக் காட்டு) என்று எழுதத்தான். அட்டவணையின் வரிசைக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: செல்கள் அத்தனையும் முதல் நெடுவரிசைக்குள் நெருக்கியடித்து நிற்கும். அங்கே வேண்டியது டிஸ்பிளே டேபிள்-ரோ. டிஸ்பிளேக்கு வெற்று ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத மதிப்பு) கொடுத்தால் பிரவுசரே உரிய மதிப்புக்குத் திரும்பிவிடும். ஆனால் மறைத்தது இன்லைன் ஸ்டைலாக, அதாவது அந்த எலிமென்ட்டின் (பக்கக் கூறின்) மீதே எழுதியதாக, இருக்க வேண்டும். தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பின் விதி என்றால் ஒன்றும் அசையாது.

மறைத்தது யார் என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில், இறுதி மதிப்புகளைக் காட்டும் கம்ப்யூட்டெட் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்பிளே பிளாக் என்றே இருந்தும் திரையில் காணோமா? மேலே ஏறிப் போங்கள், அதை உள்ளடக்கிய பெற்றோர் எலிமென்ட் மறைந்திருக்கும். எலிமென்ட்டின் ஆஃப்செட்பேரன்ட் (இடத்தை அளக்க அடிப்படையாகும் மேல் எலிமென்ட்) நல் (null, எதுவுமில்லை) என்றால் மறைந்திருக்கிறது என்று சோதிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் பொசிஷன் ஃபிக்ஸ்டு (ஸ்க்ரோல் செய்தாலும் திரையில் அதே இடத்தில் நிற்கும்) எலிமென்ட் கண்ணெதிரே தெரிந்தாலும் அது நல்தான். எலிமென்ட் திரையில் பிடிக்கும் செவ்வகங்களைத் தரும் கெட்கிளையன்ட்ரெக்ட்ஸின் நீளம் 0-வா என்று பார்ப்பது மேல்.

மறைப்பதற்கென்றே எச்டிஎம்எல்லில் உள்ள ஹிட்டன் பண்பும் நம்புகிற அளவுக்கு வலுவானதல்ல. நம் சிஎஸ்எஸ்ஸில் அதே எலிமென்ட்டுக்கு டிஸ்பிளே ஃபிளெக்ஸ் இருந்தால், ஹிட்டன் போட்ட பிறகும் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

தேர்ந்தெடுப்பதில் பொல்லாத இடம் கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம். கிளாஸ் பெயரைக் கொண்டு எலிமென்ட்களை எடுக்கும் அது தருவது உயிருள்ள பட்டியல்; பக்கம் மாறினால் அதுவும் மாறும். மறைக்கும் கிளாஸ் உள்ள 6 வரிசைகளை அதால் எடுத்து, ஃபார் லூப்பில் 0-விலிருந்து ஒவ்வொன்றாய் அந்தக் கிளாஸை நீக்கினால் 1, 3, 5-ஆம் வரிசைகள் மட்டும் வெளியே வரும். முதல் வரிசை கிளாஸை இழந்ததும் பட்டியலிலிருந்து விழுகிறது, இரண்டாவது அதன் இடத்துக்கு நகர்கிறது, லூப்பின் எண்ணியோ 0-விலிருந்து 1-க்குத் தாவிவிடுகிறது. எரர் எதுவும் வராது, அதுதான் எரிச்சல். அதற்குப் பதில் குவெரிசெலக்டர்ஆல் தரும் பட்டியல் எடுத்த நேரத்தில் இருந்தபடியே நிற்கும், ஆறும் தெரியும்.

மெல்லத் தோன்ற வைக்க டிஸ்பிளேயையும் ஓபாசிட்டியையும் (ஒளிபுகாத் தன்மை) அடுத்தடுத்த வரிகளில் மாற்றினால் டிரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) ஓடாது, பட்டென்று தோன்றும். பிரவுசர் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இடையில் ஆஃப்செட்ஹைட்டை (எலிமென்ட்டின் உயரம்) ஒருமுறை படித்தால், இடைப்பட்ட நிலையை அது கணக்கிட்டே தீர வேண்டும்; பிறகு ஓடும். திரும்ப மறைக்கும்போது ஓபாசிட்டி 0-வோடு விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பட்டன் கிளிக்கை வாங்கிக்கொண்டே இருக்கும். மாற்றம் முடிந்ததைச் சொல்லும் டிரான்சிஷன்எண்டு நிகழ்வில் டிஸ்பிளே நன் (none, காட்டாதே) போட்டு மூடுங்கள்.