சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனுக்கு முதல் முறை போகிறவருக்கு

கன்வென்ஷன் என்றதும் தமிழ்க் கிறிஸ்தவர் மனதில் எழுவது மைதானத்துப் பந்தலும், மூன்று ராத்திரிப் பிரசங்கமும், கடைசி நாள் ஜெபமும்தான். அமெரிக்காவில் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனின் ஆண்டுக் கூட்டத்துக்கு அந்த நினைப்போடு போகிற போதகர் முதல் நாள் காலையிலேயே குழம்பிப்போவார். பாட்டும் பிரசங்கமும் அங்கேயும் உண்டு. ஆனால் ஜூன் மாதத்துச் செவ்வாயும் புதனும் ஒரு பெரிய நகரத்தின் மாநாட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து செய்வது முக்கியமாகக் கூட்ட நடவடிக்கை: பிரேரணை, திருத்தம், வாக்கெடுப்பு, அறிக்கை, மறுபடி வாக்கெடுப்பு. அந்த நடைமுறை தெரியாமல் உள்ளே போனால் இரண்டு நாளும் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு துணிப்பை நிறைய இலவசப் பேனாக்களோடு திரும்பலாம்.

சபை அனுப்பும் ஆளுக்கு அங்கே பிரதிநிதி என்று பெயர் கிடையாது; மெசஞ்சர் என்பார்கள். இதை வெறும் பெயர் வித்தியாசம் என்று தள்ளிவிடக் கூடாது. பிரதிநிதி என்றால் அனுப்பியவரின் அதிகாரத்தைச் சுமந்து வருகிறார், அவர் ஒப்புக்கொண்டது ஊருக்கும் பொருந்தும். பாப்டிஸ்டுகள் கணக்கில் ஒரு சபையின் அதிகாரத்தை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போகவே முடியாது. ஆகவே மெசஞ்சர் தன் மனச்சாட்சிப்படி வாக்களிக்கிறார். இன்ன மாதிரி வாக்களி என்று சபை அவரைக் கட்டுப்படுத்துவதில்லை; கூட்டம் முடிவு செய்தது அவருடைய சபையையும் கட்டுப்படுத்துவதில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்சம் நேரமாகும். பேராயர் கிடையாது, மாற்றல் உத்தரவு கிடையாது, சபைக் கட்டடத்தின் பத்திரம் மேலிடத்தில் கிடையாது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேராமல் வெளியே நின்றதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

மெசஞ்சர் என்ற சொல்லுக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில் வட மாநில பாப்டிஸ்டுகளிடமிருந்து பிரிந்து 1845இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் உருவான அமைப்பு இந்தக் கன்வென்ஷன். 1885இல் ஆர்கன்சாவிலிருந்து இரண்டு பெண்கள் மெசஞ்சர்களாக வந்து நின்றபோது, அவர்களை உட்காரவைக்காமல் இருக்க விதியில் இருந்த சொல்லையே ‘சகோதரர்கள்’ என்று மாற்றினார்கள். 1918இல்தான் அது மெசஞ்சர்கள் என்று ஆனது, பெண்களுக்கும் இருக்கை வந்தது.

இனி வேலைக்கு வருவோம். கன்வென்ஷனோடு ஒத்துழைக்கும் சபை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மெசஞ்சர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் காணிக்கைக் கணக்கு பேசும்: சபையின் பொது வருமானத்தில் கன்வென்ஷன் பணிகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு முழுச் சதவீதத்துக்கும் ஒருவர், அல்லது அனுப்பும் ஒவ்வொரு 6,000 டாலருக்கும் ஒருவர். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு சபைக்கு 12 பேருக்கு மேல் இல்லை. மெசஞ்சர் தன்னை அனுப்பும் சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும், சபைதான் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னச் சபைகள் சறுக்குவது இங்கேதான். போதகரும் மனைவியும் போவதாகத் தாங்களே முடிவு செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். சபைக் கூட்டத்தில் முன்மொழிந்து ஒப்புதல் பெற்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லை என்றால் பிரச்சினை இல்லை. கேட்டால் பதில் இருக்காது.

பதிவை இணையத்திலேயே முடித்துவிட வேண்டும். சபையின் பெயரில் பொறுப்பானவர் பதிந்ததும் கிடைக்கும் குறியீட்டை மண்டப வாசலில் காட்டினால் பெயர் அட்டையும் வாக்குச் சீட்டுக் கட்டும் சில நிமிடத்தில் கைக்கு வரும். பதியாமல் வந்தவர், போதகரோ சபைச் செயலாளரோ கையெழுத்திட்ட தாளோடு வேறு வரிசையில் நிற்க வேண்டும். செவ்வாய் காலையில் அந்த வரிசையில் நிற்பவருக்கு முதல் வாக்கெடுப்பு கிடைப்பது சந்தேகம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சிறுபிள்ளைப் பராமரிப்புக்கும் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கழிவு விலை விடுதி அறைகளும் அப்படித்தான். மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை கிடைப்பது, அதற்கு ஆகும் அதிகச் செலவுக்குத் தகும்.

வாக்குச் சீட்டுக் கட்டைப் பார்த்தால் சாதாரண அட்டைகள்தான். இரண்டு விதமாகப் பயன்படும். பெரும்பாலான முடிவுகளுக்குச் சீட்டுக் கட்டை உயர்த்திக் காட்டினால் போதும்; மேடையிலிருந்து பார்த்தே தலைவர் அறிவித்துவிடுவார். பார்த்துச் சொல்ல முடியாதபோதும், தேர்தலின்போதும் எழுத்து வாக்கு. ‘சீட்டு எண் மூன்றை எடுங்கள்’ என்பார். எடுக்க வேண்டியது மூன்றாம் எண்தான், கட்டில் மேலே இருப்பது அல்ல. திரையில் காட்டியபடி குறியிட்டுக் கிழித்து, நடைபாதையில் வரும் வாக்குச் சேகரிப்பாளரிடம் போட வேண்டும். ஒவ்வொரு முடிவையும் அறிவிக்கும்போது செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையையும் வாசிப்பார்கள். தவறான சீட்டு, இரண்டு குறி, ஒன்றுமே புரியாத குறி இவையெல்லாம் அதில் சேரும். ஒருவர் சீட்டை இன்னொருவர் போடக் கூடாது, வாக்களிக்கிறவர் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். கண்காட்சிக் கூடத்தில் செமினரி (இறையியல் கல்லூரி) அரங்கின் முன் பழைய வகுப்புத் தோழரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கையில்தான் முக்கியமான வாக்கெடுப்பு வரும். இது விதிப் புத்தகத்தில் இல்லாத விதி.

மைக் தனிக் கலை. மண்டபம் முழுக்க எண்ணிட்ட மைக்குகள் நிற்கும். நேராகப் போய்ப் பேசத் தொடங்க முடியாது. அங்கே நிற்கும் உதவியாளரிடம் பெயர், சபை, வந்த நோக்கம் மூன்றையும் சொல்ல வேண்டும்: பிரேரணையா, திருத்தமா, ஆதரித்துப் பேசவா, எதிர்த்துப் பேசவா, கேள்வியா, விதி மீறப்படுகிறது என்று சொல்லும் ஒழுங்குப் பிரச்சினையா. அது மேடையில் தலைவரின் திரைக்குப் போகும், அவர் ‘மைக் எண் ஐந்து’ என்று அழைப்பார். ஆதரவுக்கு ஒருவர், எதிர்ப்புக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி அழைப்பதால், நோக்கத்தை மாற்றிச் சொன்னவர் மற்றவர்களின் முறையையும் கெடுத்துவிடுவார். அழைத்ததும் பெயர், சபை, ஊர், மாநிலம். அடுத்த வாக்கியமே விஷயம். நம் மேடைப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். தலைவருக்கு வணக்கம், இந்த வாய்ப்புக்கு ஸ்தோத்திரம், நேற்றிரவு கேட்ட செய்தி எவ்வளவு ஆசீர்வாதமாக இருந்தது என்று தொடங்கினால் அதற்குள் நேரம் போய்விடும். தலைவர்கூட நினைத்தபடி நீட்டித்துக் கொடுக்க முடியாது. நேரத்தைக் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

‘விவாதத்தை முடித்து வாக்கெடுக்கலாம்’ என்று ஒருவர் மைக்கில் கேட்டால் அதன்மேல் விவாதம் கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்டால் வரிசையில் நிற்கும் எல்லோரும் திரும்பி உட்கார வேண்டியதுதான். பேச வேண்டியது இருந்தால் விஷயம் மேடைக்கு வரும் முன்பே மைக் அருகில் போய் நிற்கத் தெரிய வேண்டும்.

இந்தக் கூட்ட விதிகளுக்கும் பாப்டிஸ்டுகளுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1863இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு பாப்டிஸ்ட் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் கைமீறி அவமானப்பட்டார். அந்த வெட்கத்தில் படிக்கத் தொடங்கி 1876இல் அவர் வெளியிட்ட விதித் தொகுப்பைத்தான் இன்று அமெரிக்காவில் கிளப்புகள் முதல் கன்வென்ஷன்கள் வரை பின்பற்றுகிறார்கள். சபைக் கூட்டத்தில் சத்தம் போடுகிற மரபு ஏதோ ஒரு வகையில் உலகுக்குப் பயன்பட்டிருக்கிறது.

பிரேரணை கொண்டுவருகிறவர் வினைச்சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். மிஷன் வாரியங்கள், ஆறு செமினரிகள், பதிப்பகம் போன்றவற்றைக் கன்வென்ஷன் நேராக நடத்துவதில்லை. அறங்காவலர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் விட்டுவிடுகிறது. ஆகவே ‘இந்தச் செமினரி இப்படிச் செய்யக் கட்டளையிடுகிறோம்’ என்ற பிரேரணை ஒழுங்குமீறல் என்று தள்ளுபடியாகும். ‘அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அவர்களுடைய பரிசீலனைக்குப் போகும், அடுத்த ஆண்டு பதில் அறிக்கை வரும். புதிய பிரேரணைகளுக்கான நேரம் பெரும்பாலும் செவ்வாயோடு முடிந்துவிடும். தட்டச்சு செய்த பிரதி கையில் இருக்கட்டும்; மைக்கில் நின்று மனசுக்குள் வாக்கியம் அமைக்கிறவருடைய பிரேரணை, அவர் நினைக்காத பொருளில்தான் பதிவாகும்.

தீர்மானங்களின் பாதை வேறு. கூட்டத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே தீர்மானக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். குழு அதைத் திருத்தலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், கிடப்பில் போடலாம். கிடப்பில் போட்டதை மேடைக்கு இழுக்க மூன்றில் இரண்டு பங்கு தேவை. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடுவது இந்தத் தீர்மானங்களைத்தான். ஆனால் எந்தச் சபையையும் இவை கட்டாது. அந்த ஆண்டு அந்த மண்டபத்தில் இருந்தவர்களின் கருத்து, அவ்வளவே. அதனால் வெறும் காகிதம் என்றும் சொல்லிவிட முடியாது. அடிமை முறையை ஆதரித்ததற்காக 1995இல் அட்லாண்டாவில் மன்னிப்புக் கேட்டதும் ஒரு தீர்மானத்தின் வழியாகத்தான்.

உண்மையான அதிகாரம் சலிப்பூட்டும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. கன்வென்ஷன் தலைவரின் பதவிக் காலம் ஓராண்டு, தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அலங்காரப் பதவி. ஆனால் அவர் ஒரு குழுவை நியமிக்கிறார். அந்தக் குழு நியமனக் குழுவை முன்மொழிகிறது. நியமனக் குழு அடுத்த ஆண்டு அறங்காவலர்களை முன்மொழிகிறது. அறங்காவலர்கள் செமினரித் தலைவரை மாற்ற முடியும். இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்ட பழமைவாதத் தரப்பு 1979இல் ஹூஸ்டனில் போதகர் ஏட்ரியன் ராஜர்ஸைத் தலைவராக்கித் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு விடாமல் ஜெயித்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நிறுவனங்களின் திசையையே மாற்றியது. 1985இல் டாலஸில் 45,519 மெசஞ்சர்கள் கூடியதற்கு இந்தத் தலைவர் தேர்தல்தான் காரணம். இன்றுவரை அந்த எண்ணிக்கையை எந்தக் கூட்டமும் தொடவில்லை. எனவே நியமனக் குழு அறிக்கை வரும்போது காபி குடிக்க எழுந்து போகிறவர் முக்கியமானதை விட்டுவிட்டுப் போகிறார். நீண்ட பெயர்ப் பட்டியல், ஒரே மூச்சில் ஒப்புதல், பத்து நிமிடம். அதில் யாரையாவது மாற்ற விரும்பினால் திருத்தம் கொண்டுவரும் வாய்ப்பு அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான்.

கன்வென்ஷனின் அரசியல் சட்டத்தைத் திருத்த அடுத்தடுத்த இரண்டு ஆண்டுக் கூட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பெண் போதகர்கள் உள்ள சபைகளை விலக்கும் திருத்தம் 2023இல் நியூ ஆர்லியன்ஸில் தேறியது. 2024இல் இண்டியானாபொலிஸில் சுமார் 61 சதவீதம் வாங்கித் தோற்றது. பாதிக்கு மேல் கை தூக்கியும் தோற்பது முதல் முறை பார்க்கிறவருக்குத் திகைப்பாக இருக்கும். அதே நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையை நீக்கியதற்கு எதிரான மேல்முறையீடும் வந்தது. அந்தச் சபையை நிறுவிய, உலகம் அறிந்த போதகரான ரிக் வாரனுக்கு மைக்கில் கிடைத்தது மூன்று நிமிடம். 9,437க்கு 1,212 என்று மேல்முறையீடு தோற்றது. வாக்களித்தது செவ்வாய், எண்ணிக்கை தெரிந்தது புதன். பெரிய விஷயங்களில் முடிவுக்கு ஒரு ராத்திரி காத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம். வெளியே ஜூன் வெயில், உள்ளே எலும்பைத் துளைக்கும் ஏசி. ஒரு மேலங்கி கட்டாயம். நடக்கத் தோதான பழைய செருப்பு அல்லது ஷூ. மண்டபத்துச் சாப்பாடு விலை அதிகம், வரிசை அதைவிட அதிகம். பையில் நாலு வாழைப்பழம் கிடந்தால் மதியத்தில் ஒரு மணி நேரம் மிச்சம். ஞாயிறு, திங்களில் நடக்கும் போதகர் மாநாட்டுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் செவ்வாய் மதியத்துக்குள் களைத்துவிடுகிறார்கள், செவ்வாயில்தான் வேலையே. மிஷனரிகளை அனுப்பும் ஆராதனையை மட்டும் தவறவிட வேண்டாம். ஆபத்தான நாடுகளுக்குப் போகிறவர்கள் திரைக்குப் பின்னால் நிழலுருவாக நின்று, ஊர் பெயர் சொல்லாமல், தங்கள் அழைப்பை இரண்டு வரியில் சொல்லிப் போவார்கள். காணிக்கைச் சதவீதக் கணக்கெல்லாம் எதற்கு என்பது அங்கே தெரியும்.

திரும்பியதும் சபைக்குக் கொடுக்கும் அறிக்கையில் என்ன நடந்தது, நான் எப்படி வாக்களித்தேன், ஏன் என்ற மூன்றும் இருந்தால் போதும். இதை இனி நாம் செய்தாக வேண்டும் என்ற வரிக்கு அதில் இடமில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போது புதன் மதியத்துக்கு எடுத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் மண்டபம் பாதி காலியாகிவிடும், மிச்சமிருக்கும் விஷயங்களை மிச்சமிருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள்.