ரெஃபரன்ஸ் பட்டியலும் மாக் இன்டர்வியூவும்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

ஃபைனல் இயர் புராஜெக்ட், முதல் ரிவ்யூ. அறிக்கையை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன், ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்த்தாலே யார் படித்தார்கள், யார் ஒட்டினார்கள் என்று பாதி தெரிந்துவிடும். ஒரு டீமின் பட்டியலில் மூன்றாவதாக 'கூகுள் டாட் காம்', அவ்வளவுதான். "கூகுளில் எங்கேப்பா?" என்றால் "தேடினோம், வந்துச்சு சார்" என்கிறார்கள். இதுகூடப் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறார்கள். அடுத்த டீமின் பட்டியல் ஐட்ரிபிள்இ முறையில் கச்சிதமாக இருந்தது: சதுர அடைப்புக்குறிக்குள் எண், ஆசிரியர், இதழ், ஆண்டு, கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்ணான டிஓஐ எல்லாம். அந்த டிஓஐயைப் போட்டுப் பார்த்தால் கான்கிரீட் பற்றிய கட்டுரை திறக்கிறது. இவர்கள் புராஜெக்ட், படத்தைப் பார்த்துத் தக்காளி இலை நோயைச் சொல்லும் கணினி மாடல். சாட்ஜிபிடியின் கைங்கர்யம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திட்டிப் பயனில்லை என்று கதை சொன்னேன். 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் வாங்கிய கதை. அதில் ஒருவர் "இந்தத் தீர்ப்பு நிஜமா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டு, அது ஆமாம் என்றதை நம்பியிருக்கிறார். வகுப்பே சிரித்தது. நேற்றைய டீம் மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் வழக்கமான கேள்வி: "பத்து சதவீதம் வரைக்கும் காப்பி அடிக்கலாம்தானே சார்?" யுஜிசியின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது பத்து சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்பதை, பத்து வரை இலவசம் என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். எண்ணைக் குறைக்க ஒரு வார்த்தை மாற்றும் கருவி வேறு. அதில் போட்டால் 'ஆர்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடும், அதையும் படிக்காமல் பிரின்ட் எடுத்துக் கொண்டுவருவார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாக் இன்டர்வியூ, அதாவது வேலை நேர்காணலுக்கு ஒத்திகை. "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் வரிசையாக எல்லோரும் ஒரே யூடியூப் வீடியோவை ஒப்பிக்கிறார்கள், பலவீனம் என்ன என்றால் எல்லோரும் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட். கான்கிரீட் டீமிலிருந்து ஒருவன், ஆங்கிலம் சரளம், டை எல்லாம் கட்டியிருந்தான். "வி ட்ரெயின்ட், வி அச்சீவ்டு" என்று போய்க்கொண்டே இருந்தான். சரி, அதில் நீ என்ன செய்தாய் என்றதும் நின்றுவிட்டான். படங்கள் எங்கிருந்து? "டேட்டாசெட் சார்." மாடலைப் பழக்கும் படத்தொகுப்புக்கு அதுதான் பெயர். எந்த டேட்டாசெட்? அதோடு சரி.

அதே தலைப்பில் இன்னொரு டீமின் பெண், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. படங்கள் பிளான்ட்வில்லேஜ் என்ற டேட்டாசெட்டிலிருந்து, கோட் பலரும் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் எடுத்தது, அதில் நான் மாற்றியது இந்தப் பகுதி மட்டும் என்று பிரித்துச் சொன்னாள். வயலில் வேலை செய்யுமா என்று மடக்கினேன். அந்தப் படங்களை வைத்து 2016இல் வந்த கட்டுரையில் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்ன மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீதம் வாக்கில் இறங்கியது, பிளான்ட்வில்லேஜில் பெரும்பாலும் பறித்த இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள், அதனால் மாமா தோட்டத்தில் போனில் எடுத்த படங்களையும் போட்டுப் பார்த்தேன், எங்களுடையதும் விழுந்துவிட்டது சார் என்றாள். அவள் பட்டியலில் ரெஃபரன்ஸ் ஏழுதான். ஏழையும் படித்திருக்கிறாள்.

மதியம் எல்லோருக்கும் வேலை கொடுத்தேன்: ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதுங்கள், இதற்கு ஆதாரம் எது, இதில் என் கை எவ்வளவு. பாதிப் பேர் அங்கேயே சில வரிகளை அடித்துவிட்டார்கள். 'லீடர்ஷிப் குவாலிட்டி' தான் முதலில் போனது.

அடுத்த வாரம் இன்னொரு மணி நேரம் வேண்டும் என்று ஹெச்ஓடியிடம் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் ட்ரெயினர் 'பாடி லாங்குவேஜ்' எடுக்கிறாராம், பார்க்கலாம்.