கரியமில வாயுவிலிருந்து அழுத்தக் காற்றுக்கு மாறும் ஏர் ரைஃபிள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளிக்குரிய மையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதால், நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் கிளம்பியாக வேண்டும். கரியமில வாயுவில் இயங்கிய பழைய போட்டி ரைஃபிள்கள் பின்வாங்கி அழுத்தக் காற்று அவற்றின் இடத்தைப் பிடித்ததற்கு இந்தச் சீர்மையே முதற்காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கும் வரை, எவ்வளவு மீதமிருக்கிறது என்பதல்ல, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே அழுத்தத்தை முடிவு செய்கிறது. 0 டிகிரியில் சுமார் 35 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்), 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. அடுத்தடுத்துச் சுடும்போது திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் உலோகம் கைக்குக் குளிர்வது தெரியும். வேகமும் கூடவே இறங்கும். 31 டிகிரியைத் தாண்டினாலோ திரவ நிலையே இல்லாமல் போய், அடைத்த அளவுக்கேற்ப அழுத்தம் ஏறுகிறது. நம் ஊர்க் கோடையில் இது சாதாரண அறை வெப்பம் என்பதையும், இந்தச் சிலிண்டர்களை ஏன் தராசில் எடை பார்த்தே நிரப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

காற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 200 பாரில் நிரப்பிய சிலிண்டரில் ஒவ்வொரு சுடலுக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அதைச் சமன்செய்வது ரெகுலேட்டர். கிண்ணம்போல் சற்றே குழிந்த சிறு எஃகு வாஷர்கள் எதிரெதிராக அடுக்கப்பட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளிப் பிடித்திருக்கும்; காற்று வெளியேறும் பக்கத்தின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் பிஸ்டன் அவற்றை நசுக்கிக்கொண்டு நகர்ந்து வழியை அடைத்துவிடும். மாற்றத்தின் உயிர் இந்தச் சிறு உறுப்பில்தான் இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லாமலும் ஒரு வழி உண்டு: 2008-இல் வந்த பெஞ்சமின் டிஸ்கவரி என்ற ரைஃபிள், கரியமில வாயு, 137 பார் காற்று இரண்டையும் ஏற்கும்படி தொடக்கத்திலேயே வடிவமைக்கப்பட்டது. அழுத்தம் மிகுந்திருக்கும்போது வால்வு குறைந்த நேரமும், குறையக் குறையக் கூடுதல் நேரமும் திறப்பதால் வேகம் ஓரளவு நிலைக்கிறது. ஆனால் போட்டிக்கு அந்த ஓரளவு போதாது.

காற்று கரியமில வாயுவைவிட இலேசானது, வேகமாகப் பாய்வது. ஆகவே பழைய ரைஃபிளைக் காற்றுக்கு மாற்றிய பின், வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை வேகமானியை வைத்துத் திருத்தியே ஆக வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் உயரழுத்தக் காற்றில் தீப்பற்றக்கூடியது என்பதால் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே பூச வேண்டும்.

எந்த நிலையிலும் பழைய கரியமில வாயுச் சிலிண்டரில் உயரழுத்தக் காற்றை அடைக்கவே கூடாது. மரை பொருந்துகிறது என்பது அந்தச் சுவர் 200 பாரைத் தாங்கும் என்பதற்குச் சான்றல்ல. அந்த ரைஃபிளுக்கென்றே தயாரிப்பாளர் தரும் மாற்றுத் தொகுப்பை, பயிற்சி பெற்ற கைவினைஞரிடம் கொடுத்துப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். புதுச் சிலிண்டரில் பொறித்துள்ள தேதியையும் பார்த்து வாங்குங்கள்: போட்டிச் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டுக் காலவரம்பு உண்டு, அது கடக்காமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்பது பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதி.