கீழ்த்தாடையில் ஒரு பல்

2025 ஜனவரி 20

கீழே இடதுபக்கம் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்தது தீபாவளிக்குப் பிறகு. வேர்வரை பிளந்திருந்ததால் காப்பாற்ற வழியில்லை. இன்று கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் மருத்துவரைப் பார்த்தேன். மூன்று வழி சொன்னார்: கழற்றி மாட்டும் பல், பிரிட்ஜ், தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் மாட்டும் இம்பிளாண்ட்.

பிரிட்ஜ் என்றால் காலியிடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைத் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின்மேல் கேப்புகளைச் சேர்த்து மாட்ட வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கெனவே கேப் இருந்தால் அதுவே நல்ல வழி என்றும் சொன்னார். என் பற்கள் இரண்டும் சொத்தை பார்க்காதவை. அவற்றைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

ராத்திரி அக்கா பையனிடம் இம்பிளாண்ட் பற்றிப் போனில் கேட்டேன். சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவன். "சித்தி, போடறதுன்னா சீக்கிரம் போட்டுடுங்க. பல் எடுத்த இடத்துல எலும்பு கரைஞ்சிக்கிட்டே இருக்கும்" என்றான். மென்று கடிக்கும் அழுத்தம் இருக்கும்வரைதான் அந்த எலும்புக்கு வேலை. பல் போனபின் முதல் ஒரு வருஷத்திலேயே அகலத்தில் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிடலாமாம். பல்லைப் பிடுங்கும் நாளிலேயே இதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். வலி நின்றதும் அந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறோம், வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

பிப்ரவரி 3

முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் தாடைக்குள் ஒரு கால்வாய் ஓடுவதைக் காட்டினார் மருத்துவர். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அதற்குள்தான் இருக்கிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட வேண்டுமாம். சாதாரண எக்ஸ்ரே உயரத்தைத்தான் காட்டும், எலும்பின் தடிமனைக் காட்டாது. ஸ்கேன் இல்லாமலே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

எலும்பு மெலிவு நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டா, புகை பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு இருப்பது சர்க்கரை மட்டும். மூன்று மாத ரத்தச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.9. போடலாம் என்றார்.

பிப்ரவரி 13

போட்டாயிற்று.

மரத்துப்போகும் ஊசி குத்தியதுதான் வலி. அதற்கப்புறம் அழுத்தமும் அதிர்வும் மட்டுமே தெரிந்தன. ஈறைத் திறந்து, மெல்லிய துளையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிய முனையை மாற்றித் துளையை அகலமாக்கினார்கள். கூடவே உப்புநீர் பாய்ந்துகொண்டே இருந்தது, உதவியாளர் பெண் உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அந்தத் தண்ணீர் எதற்கு என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிஷம் சூடாக இருந்தாலே அந்த இடத்துச் செல்கள் கெட்டுப்போகும், அப்புறம் திருகைப் பிடித்துக்கொள்ள அங்கே உயிருள்ள எலும்பு இருக்காது. அதனால்தான் அவசரப்படாமல் நிறுத்தி நிறுத்தித் துளைத்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

டைட்டானியம் திருகைக் கடைசியில் ஒரு சின்ன ஸ்பானரால் முறுக்கினார். கிளிக் என்று கேட்டது. "35 பிடிச்சிடுச்சும்மா, நல்ல எலும்பு" என்றார். திருகு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பதற்கான அளவு அது. மேலே மூடி வைத்து இரண்டு தையல் போட்டார். இன்று துப்பக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. துப்பினாலும் உறிஞ்சினாலும் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். ஆறிய ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தேன்.

பிப்ரவரி 15

கன்னம் வீங்கியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் வீக்கம் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். உதடு மரத்துப்போகவில்லை, அதுதான் பெரிய நிம்மதி.

பிப்ரவரி 22

தையல் பிரித்தார்கள்.

மார்ச் 15

இந்த வாரம் மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நல்ல கூட்டம். தங்கை பண்ருட்டியிலிருந்து முந்திரி கொண்டுவந்தாள். வலதுபக்கம் மட்டும் மென்று தின்றேன்.

வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிற இந்த மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது. பிரானெமார்க் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1952இல் முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் பொருத்தினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அந்த இம்பிளாண்டுகள் உழைத்தன. என் தாடையிலும் இப்போது அதே ஒட்டுதல் நடக்கிறது.

அம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். முப்பது வருஷமாகப் பல் செட். கீழ்ச் செட் பேசும்போதே தூக்கிக்கொள்ளும். செட் சரியில்லை என்றே நினைத்திருந்தோம், அதைத் தாங்குகிற எலும்புதான் மெலிந்துகொண்டே போயிருக்கிறது. முழுக்கப் பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்ட் போட்டு அதில் செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவையும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். "எனக்கெதுக்குடி இந்த வயசுல" என்கிறாள். விடுவதாக இல்லை.

மே 24

கத்திரி வெயிலில் தவளக்குப்பம் தாண்டுவதற்குள் நனைந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு நெருங்கியிருந்தது. ஆடவில்லை. அளவு எடுத்தார்கள்.

ஜூன் 7

பல் வந்துவிட்டது. பீங்கான் போன்ற சிர்கோனியா கேப். பசை வைக்காமல் திருகி மாட்டி, மேல் துவாரத்தைப் பல் நிற ஃபில்லிங்கால் அடைத்தார். நாளைக்கு ஏதாவது என்றால் உடைக்காமல் கழற்றலாம். நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி உயரத்தைப் பலமுறை சரிபார்த்தார். நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்த்திசு இருக்கிறது, கடிக்கும்போது அது கொஞ்சம் அமுங்கும். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. அதனால் உயரம் கொஞ்சம் கூடினாலும் முழுப் பாரமும் அதன்மேல் விழும்.

இது சொத்தையாகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்தால் எலும்பு கரைந்து திருகே ஆடிவிடும். பல்லிடுக்கு பிரஷ் தினமும் உண்டு.

கம்பெனி பெயர், விட்டம், நீளம் எழுதிய அட்டை கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால் எந்த ஸ்பானர் பொருந்தும் என்று தெரிய இது வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்து அக்கா பையனுக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த பரிசோதனை டிசம்பரில்.