ஐப்பசியில் அடித்த பெயிண்ட்

எங்கள் காரின் பானெட்டைத் திறந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். 2012 மாடல் டீசல் வண்டி, மூன்றாவது கையாக என்னிடம் வந்தது. வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்ளே, இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கவர் கறுப்பெல்லாம் போய் யானைத்தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பேட்டரி மூடி, ஃபியூஸ் பாக்ஸ் மூடி எல்லாம் அதே கதி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு நாள் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. சும்மா பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?" என்றார்.

"மூடிட்டா யாருக்குடா தெரியப் போவுது?" என்பது அப்பாவின் கட்சி.

முதல் முறை பெயிண்ட் போட்டது ஐப்பசியில். அதுதான் முட்டாள்தனம். மூன்று நாள் மழை விட்டு ஒரு மதியம் சுள்ளென்று வெயில் அடித்தது, ஆசைப்பட்டுவிட்டேன். கவரைக் கழற்றி, கழுவி, துடைத்து, மாட்டுக்கொட்டகையில் சாக்கு விரித்து ஸ்ப்ரே டப்பாவால் மேட் பிளாக் அடித்தேன். பத்து நிமிஷத்தில் கறுப்பின் மேல் பால் ஊற்றியது போல வெள்ளை படர்ந்தது. பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டுப் போகும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் வயலில் தண்ணீர் நிற்கிற ஊரில், ஐப்பசியில், ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

சரி, வெள்ளையோடு போகட்டும் என்று மாட்டியும் விட்டேன். ஒரு மாதத்தில் ஓரம் தூக்கியது. நகத்தால் இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. கவரைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் 'பிபி' என்று அச்சு இருப்பதைக் கவனித்தேன். பாலிபுரோப்பிலீன். இதன் மேல் எதுவும் சாமானியமாக ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கு என்றே இருக்கிற பிரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) முதலில் மெல்லிசாக அடித்தால்தான் மேலே வரும் பெயிண்ட் பிடிக்கும். சாதா பிரைமரால் பிரயோஜனமில்லை.

கும்பகோணத்துக் கடையில் அதைக் கேட்டால், சைலன்சருக்கு அடிக்கிற பெயிண்டைக் கொடுக்கப் பார்த்தார்கள். "இன்ஜின் சூடு சார், இதுதான் தாங்கும்." அது 600 டிகிரி தாங்கும், உண்மைதான். ஆனால் அந்த வகை முழுசாக இறுகவே 200 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். என் கவர் 160-ஐத் தொட்டாலே உருகிவிடும். அதற்கு நல்ல சாதாரண ஆட்டோ பெயிண்டே போதும்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. மார்கழியில் பனி. தையில் எதிர் வயலில் அறுப்பு மிஷின் இறங்கிவிட்டது. காற்றெல்லாம் சுணையும் பதருமாக இருக்கும்போது ஈரப் பெயிண்டை வெளியே வைக்க முடியுமா? பங்குனி வரை பொறுத்தேன். சம்பா வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி. பனி ஈரம் போயிருக்கும், மதியக் காற்றும் கிளம்பியிருக்காது.

வேலையில் பாதி கழுவுவதுதான். முன்னால் வைத்திருந்தவர் டாஷ்போர்டு பாலிஷை உள்ளேயும் பூசியிருக்கிறார் போல. அதில் இருக்கும் சிலிக்கோன் மிச்சமிருந்தால் பெயிண்ட் விலகி விலகி அம்மைத்தழும்பு மாதிரி குழி விழும். பாத்திரம் கழுவும் சோப்பால் மூன்று தடவை தேய்த்தேன். அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), அப்புறம் 600. தேய்க்கும்போது தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பாயாகப் படர்ந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். ஃபியூஸ் மூடியில் எந்த ஃபியூஸ் எங்கே என்று காட்டும் ஸ்டிக்கர் இருக்கும். அதை மறக்காமல் டேப் போட்டு மறைத்தேன்.

முதலில் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிசாக அடித்தேன். பிறகு பெயிண்ட் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து (கொதிநீரில் வைத்தால் வெடிக்கும்), இரண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்தேன். முதல் கோட் அடிப்பிளாஸ்டிக் தெரிகிற அளவுக்குத்தான். அங்கேதான் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். கால் மணி இடைவெளியில் நாலு கோட். ஒரு வாரம் பத்தாயம் இருக்கும் அறையில் கிடந்து காய்ந்தது. அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை, நாற்றம் அப்படி.

கவர் இப்போது புதுசு மாதிரிதான் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் மட்டும் கடைசிக் கோட்டில் ஒரு பதர் வந்து ஒட்டிக்கொண்டது. வைக்கோல்போரிலிருந்து பறந்திருக்கும். தேய்த்து எடுத்து மறுபடி அடிக்கலாமா என்று நின்றேன். அப்பா குனிந்து பார்த்தார். "நம்ம வயலுதுதானே, கிடக்கட்டும்" என்று பானெட்டை மூடினார்.