ஒரு மாலுமியின் காகிதக் கட்டு

வேலைக்காக ஹாம்பர்க் வந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பதக்கம், குறுவாள், தொப்பி சேர்ப்பவர்கள் இங்கே நிறைய. நான் தேடுவது காகிதங்களை. அதிலும் 1921 முதல் 1935 வரை ரைஷ்மரீன் என்ற பெயரில் இருந்த ஜெர்மன் கடற்படையின் காகிதங்களை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் அந்தப் படைக்கு 15,000 பேர்தான் என்று வரம்பு வைத்தது. மாலுமியாகச் சேர்ந்தால் 12 ஆண்டு ஒப்பந்தம். ஆட்களே குறைவு என்பதால் காகிதமும் லேசில் அகப்படாது.

பழம்பொருள் சந்தையில் ஒரே மாலுமியின் கட்டு கிடைத்தது: நன்னடத்தைச் சான்று, பயிற்சிச் சான்றுகள், விடுப்புச் சீட்டு. சில தாள்களில் முத்திரைமேல் சின்ன ஸ்டிக்கர் இருந்தது. பயப்பட வேண்டாம். நாஜிகளின் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் சட்டம் தடை செய்கிறது. ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும் வியாபாரிகள் முன்னெச்சரிக்கையாக மறைத்து வைக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது தேதியைத்தான். ரைஷ்மரீனுக்குக் கிரீக்ஸ்மரீன் என்ற புதுப் பெயர் 1935இல் வந்தது. 1933 தேதியிட்ட சான்றில் அந்தப் பெயர் அச்சாகியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். கப்பல் முத்திரையும் உதவும். இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பலின் பெயரே முத்திரையில் இருக்கும். என் கட்டுக்குள் 'கார்ல்ஸ்ரூஹ', 'ஷ்லேசியன்' இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன. போர் தொடங்கியதும் ரகசியம் கருதிப் பெயர் போய் ராணுவ அஞ்சல் எண் வந்துவிட்டது. அப்புறம் புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த தாள்கள் பலவற்றில் வெளுப்பேற்றும் ரசாயனம் உண்டு, விளக்கொளியில் பளீரென நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே கிடக்கும். போலி செய்பவர்கள் பழைய வெற்றுத்தாளைத் தேடிப் பிடிப்பதால் விளக்கை மட்டும் நம்பி வாங்குவதில்லை.

உண்மையான சிரமம் படிப்பதில்தான். மூத்த எழுத்தர்கள் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் எழுதினார்கள். அதில் 'எ' ஒலிக்கும் எழுத்தும் 'ந' ஒலிக்கும் எழுத்தும் ஒரே அச்சாகத் தெரியும். எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் தெரிந்த ஊர்ப் பெயர்களைப் பிடித்தேன். கடற்படைத் துறைமுகங்களான கீல், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அங்கிருந்து மற்ற எழுத்துகள் வந்தன.

கட்டுக்குள் இல்லாத விவரங்களுக்காக பெர்லினில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்தேன். பழைய படைவீரர் தகவல் அலுவலகம் 2019 முதல் அதன் பகுதி. கடற்படை ஆட்களின் ஆவணங்கள் அங்கேதான். ஒருவரின் ஆவணத்தைப் பார்க்க அவர் இறந்து பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து நூறு ஆண்டு. என் ஆள் 1910க்கு முன் பிறந்தவர், சிக்கல் இல்லை. பிறந்த தேதியும் ஊரும் சரியாகத் தந்ததால் தேடல் சுலபமாயிற்று. வந்த நகலில் இருந்த இடமாற்றங்கள் என் முத்திரைகளோடு பொருந்தின.

இந்த வியாபாரத்தில் எனக்கு எரிச்சல் தருவது கட்டைப் பிரித்து விற்பது. தனித்தனியாக விற்றால் லாபம் கூடுகிறது, ஆனால் ஒருவரின் 12 ஆண்டு நாலு நாட்டுக்குப் போய்விடுகிறது. இதே மாலுமியின் பதவி உயர்வுக் கடிதம் ஏலத்தில் வந்திருக்கிறது. விலை அதிகம்தான்; ஏலம் கேட்டுவிட்டேன்.